இரும்புச்சத்து மாத்திரை ஓடுபவர் உடம்பைத் துருப்பிடிக்க வைக்குமா?

கேள்வி: எனக்கு வயது 34, கோவையில் வசிக்கிறேன். நான்கு ஆண்டுகளாக வாரத்துக்கு ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடுகிறேன். வரும் ஜனவரியில் சென்னையில் என் முதல் முழு மாரத்தானை ஓட இருக்கிறேன். சைவ உணவுதான். மூன்று மாதங்களாகச் சிறிய ஏற்றத்திலும் மூச்சு வாங்குகிறது. பரிசோதனையில் ஹீமோகுளோபின் 12.3, ஃபெரிட்டின் 14, டிரான்ஸ்ஃபெரின் செறிவு 13 சதவீதம். மருத்துவர் 100 மில்லிகிராம் இரும்புச்சத்துள்ள மாத்திரையை நாள்தோறும் எடுக்கச் சொன்னார். எங்கள் ஓட்டக் குழுவில் ஒரு நண்பர், "இரும்பு ஃப்ரீ ராடிக்கலை உண்டாக்கும், நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கு உள்ளுக்குள் துருப்பிடிக்கும்" என்று பயமுறுத்துகிறார். அதை முறிக்க வைட்டமின் சி, வைட்டமின் ஈ மாத்திரைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். 41 வயதான என் கணவரும் ஓடுபவர். களைப்பாக இருக்கிறது என்று எட்டு மாதமாக அதே இரும்பு மாத்திரையைத் தானாகவே எடுத்து வருகிறார். அவருக்கு ஹீமோகுளோபின் 15.1, ஃபெரிட்டின் 268. நாங்கள் நிறுத்திவிடலாமா? வேறு சிலர் ஊசியாகவே போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். அது சரியா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நீங்கள் கேட்டதற்கு நேரான விடை. நீங்கள் இரும்புச்சத்தை நிறுத்த வேண்டாம். ஆனால் நாள்தோறும் எடுப்பதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் மீண்டும் பேசுங்கள். உங்கள் கணவர் இன்றே நிறுத்திவிடலாம். வைட்டமின் சி, ஈ மாத்திரைகள் இருவருக்கும் தேவையில்லை. ஊசி இப்போதைக்கு வேண்டாம். ஒரே மாத்திரைக்கு ஒரே வீட்டில் இரண்டு விதமாகச் சொல்வதேன் என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் உங்கள் நண்பரின் பயத்துக்கு விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

நண்பர் சொன்ன வேதியியலில் பிழையில்லை. 1894இல் ஹென்றி ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலர், ஹைட்ரஜன் பெராக்சைடு இருக்கும் கரைசலில் மிகச் சிறிதளவு இரும்பு உப்பைச் சேர்த்தாலே டார்டாரிக் அமிலம் வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைவதைப் பதிவு செய்தார். (டார்டாரிக் அமிலம் நமக்கு அந்நியமானதல்ல, நம் புளியின் புளிப்பே பெரும்பாலும் அதுதான்.) இரும்பு பெராக்சைடுடன் வினைபுரியும்போது நண்பர் சொன்ன ஃப்ரீ ராடிக்கல்களில் ஒன்றான ஹைட்ராக்சில் ராடிக்கல் என்ற மிகவும் மூர்க்கமான துகள் பிறக்கிறது, அது பிறந்த இடத்திலேயே அருகில் இருக்கும் கொழுப்பையோ புரதத்தையோ மரபணுவையோ தாக்கிவிடும் என்பதால், அதைத் துரத்திப் பிடித்து அடக்கும் நொதி எதுவும் நம் உடம்பில் இல்லை. ஓடும்போது தசைகளில் பெராக்சைடு உற்பத்தி கூடுகிறது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பயம் நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் இந்த வினை நடக்க இரும்பு கட்டில்லாமல் அலைய வேண்டும். உடம்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. வளர்ந்த ஒருவரின் உடம்பில் இருக்கும் மூன்று நான்கு கிராம் இரும்பில் (பெண்களுக்கு இன்னும் குறைவு) ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினுக்குள் இருக்கிறது. இரத்தத்தில் பயணம் செய்யும் இரும்பை டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் கையில் பிடித்துக்கொண்டே செல்கிறது. மிச்சம் இருப்பது ஃபெரிட்டின் என்ற உருண்டைக் கூட்டுக்குள் பூட்டி வைக்கப்படுகிறது. ஒரு கூட்டுக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். உங்கள் இரத்தப் பரிசோதனையில் வந்த ஃபெரிட்டின் எண் அந்தக் களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதன் மறைமுகமான அளவு. டிரான்ஸ்ஃபெரின் செறிவு என்பது வண்டியில் எத்தனை இருக்கை நிரம்பியிருக்கிறது என்பதைச் சொல்வது. உங்கள் வண்டியில் நூற்றுக்குப் பதின்மூன்று இருக்கைகள்தான் நிரம்பியிருக்கின்றன. புதிதாக வரும் இரும்பை வாங்கி உட்காரவைக்க வேண்டிய இடம் தாராளமாக இருக்கும் உடம்பில், அது கட்டில்லாமல் அலையும் வாய்ப்பு மிகக் குறைவு. வண்டியும் களஞ்சியமும் நிறைந்த உடம்பில் நிலைமை வேறு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் உள்ள இரும்பை வெளியேற்ற உடம்பில் தனியான வழி கிடையாது. மெக்கான்ஸ், விடோசன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1937இலேயே இதை எடுத்துக்காட்டினார்கள். நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு மில்லிகிராம் உள்ளே வருகிறது, அதே அளவு தோல், குடல் செல்கள் உதிர்வதாலும் மாதவிடாயாலும் போகிறது. வாசல் குடலில்தான் இருக்கிறது. வாசற்காவலர் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன். இரும்பு போதுமானதாக இருந்தாலோ, உடம்பில் அழற்சி இருந்தாலோ ஹெப்சிடின் உயர்ந்து வாசலை மூடும்.

ஓடுகிறவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. நெடுந்தூரம் ஓடியபின் தசைகளிலிருந்து வரும் இன்டர்லியூக்கின்-6 என்ற சமிக்ஞை ஹெப்சிடினைத் தூண்டுகிறது. ஓடி முடித்த மூன்று முதல் ஆறு மணி நேரத்துக்குள் அது உச்சத்தை எட்டுகிறது. அந்த நேரத்தில் எடுக்கும் மாத்திரையில் பெரும்பகுதி குடலிலேயே தங்கிவிடும். மறுபுறம் இழப்பும் கூடுகிறது. பாதம் தரையில் மோதும் ஒவ்வொரு முறையும் சில சிவப்பணுக்கள் உடைகின்றன. நீண்ட அணிவகுப்புக்குப் பின் ஒரு ஜெர்மன் படைவீரரின் சிறுநீர் கருஞ்சிவப்பாக இறங்கியதை 1881இலேயே ஒரு மருத்துவர் எழுதி வைத்திருக்கிறார். நெடுந்தூர ஓட்டத்தில் குடலுக்குப் போகும் இரத்தம் குறைவதால் அங்கே கண்ணுக்குத் தெரியாத கசிவும் ஏற்படும். வலி தாங்க ஓட்டத்துக்கு முன் இப்யூப்ரோஃபென் போடும் பழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் அது இந்தக் கசிவைக் கூட்டும். வியர்வையில் போகும் இரும்பு சொற்பம். அதைப் பற்றி விளம்பரங்கள் சொல்லும் அளவுக்குக் கவலைப்பட வேண்டாம். பெண்களுக்கு இவையெல்லாவற்றையும் விடப் பெரிய வழி மாதவிடாய்தான். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. இரத்தப்போக்கு அதிகமாக இருக்கிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா என்பதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். அதைச் சரிசெய்யாமல் மாத்திரை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும்.

இனி உங்கள் எண்கள். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி, கருவுறாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால்தான் இரத்தசோகை. அந்தக் கணக்கில் உங்களுக்கு இரத்தசோகை இல்லை. ஆனால் ஃபெரிட்டின் 20க்குக் கீழேயும் செறிவு 16 சதவீதத்துக்குக் கீழேயும் இருப்பது, விளையாட்டு மருத்துவத்தில் நாங்கள் இரண்டாம் கட்டக் குறைபாடு என்று சொல்லும் நிலை. களஞ்சியம் காலியாகிவிட்டது, சிவப்பணு உற்பத்திக்குப் போகும் வரத்தும் சுருங்கிவிட்டது, ஹீமோகுளோபின் மட்டும் இன்னும் இறங்கவில்லை. "ஹீமோகுளோபின் நன்றாகத்தானே இருக்கிறது" என்று இந்த நிலையில் பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் அப்படிச் செய்யாதது நல்லது. இரத்தசோகை இல்லாமல் ஃபெரிட்டின் மட்டும் 16க்குக் கீழே இருந்த 42 இளம் பெண்களை வைத்து அமெரிக்காவில் 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஆறு வாரம் இரும்பு எடுத்துக்கொண்டு பயிற்சி செய்தவர்கள், வெற்று மாத்திரை எடுத்துக்கொண்டு அதே பயிற்சியைச் செய்தவர்களைவிட 15 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டத்தில் கூடுதலாக முன்னேறினார்கள். உங்கள் மூச்சு வாங்குதலுக்கு இது காரணமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

உங்கள் நண்பர் கவனிக்காத மறுபக்கமும் இதில் இருக்கிறது. இரும்புக் குறைபாடே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது ஃப்ரீ ராடிக்கல்கள் மிகுந்து செல்களைத் தாக்கும் நிலையை, உண்டாக்கும். பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துச் செயலிழக்கச் செய்யும் கேட்டலேஸ் என்ற நொதியின் நடுவிலேயே இரும்பு இருக்கிறது. செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவில் எலெக்ட்ரான்களைக் கைமாற்றும் புரதங்களிலும் இரும்பு இருக்கிறது. இவை குறைந்தால் எலெக்ட்ரான்கள் வழியில் சிந்தி ஃப்ரீ ராடிக்கல்களை உண்டாக்குகின்றன. 2002இல் எலிகளில் செய்த ஓர் ஆய்வின் முடிவு இதுதான்: இரும்பு குறைவாகக் கொடுத்தவற்றுக்கும் மிகுதியாகக் கொடுத்தவற்றுக்கும், இரு சாராருக்குமே மைட்டோகாண்ட்ரியா சேதமடைந்தது. ஆகவே பயந்து மாத்திரையை நிறுத்தினால் எதற்குப் பயந்தீர்களோ அதே இடத்துக்கு வேறு வழியாகப் போய்ச் சேர்வீர்கள்.

அப்படியானால் நாள்தோறும் 100 மில்லிகிராம் எடுக்கலாமா என்றால், அங்கே நான் உங்கள் நண்பர் பக்கம் ஓரடி நகர்கிறேன். இரும்புக் கையிருப்பு குறைந்த 12 இளம் பெண்களுக்கு நாளொன்றுக்கு 98 மில்லிகிராம் இரும்பை எட்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2008இல் வெளியானது. அவர்களுக்குக் குறைபாடு சரியாகி வந்தது. ஆனால் உடம்பில் கொழுப்பு ஆக்சிஜனேற்றம் அடைவதைக் காட்டும் குறியீடுகளும் கூடவே உயர்ந்தன. சிறிய ஆய்வுதான், இதை வைத்து நோய் வரும் என்று சொல்ல முடியாது. என்றாலும் காரணத்தை ஊகிக்கலாம்: வெறும் வயிற்றில் பெரிய அளவு ஒரேயடியாகச் சேரும்போது, டிரான்ஸ்ஃபெரின் பிடிப்பதற்குள் சில மணி நேரம் கட்டில்லாத இரும்பு இரத்தத்தில் தென்படுகிறது, உறிஞ்சப்படாத மிச்சம் குடலில் கிடந்து அங்கேயே வினைபுரிகிறது. மலச்சிக்கலும் வயிற்று எரிச்சலும் பெரும்பாலும் இந்த மிச்சத்தின் வேலைதான். மலம் கறுப்பாகப் போவதும் அதனால்தான். அதற்குப் பயப்பட வேண்டாம்.

பெரிய அளவை அடுத்தடுத்த நாட்களில் கொடுப்பதால் பலன் கூடுவதும் இல்லை. இன்று எடுத்த 60 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஹெப்சிடினை 24 மணி நேரம் வரை உயர்த்தி வைக்கிறது. நாளைய மாத்திரை மூடிய வாசலில் போய் நிற்கிறது. சூரிச்சில் ஃபெரிட்டின் குறைந்த பெண்களிடம் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், 60 மில்லிகிராம் மாத்திரை பதினான்கை ஒரு குழு தொடர்ந்து பதினான்கு நாளும், இன்னொரு குழு ஒருநாள் விட்டு ஒருநாளாக இருபத்தெட்டு நாளும் எடுத்துக்கொண்டது. நாள்தோறும் எடுத்தவர்கள் உறிஞ்சியது 16.3 சதவீதம், விட்டு விட்டு எடுத்தவர்கள் உறிஞ்சியது 21.8 சதவீதம். அதே எண்ணிக்கையில் மாத்திரை, உள்ளே போனது கூடுதல், குடலில் வீணாய்க் கிடந்தது குறைவு. உங்கள் நிலைக்கு 60 முதல் 100 மில்லிகிராம் வரை ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதே என் பரிந்துரை. இதை உங்கள் மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் உங்களை நேரில் பார்த்தவர், வேறு காரணம் வைத்திருந்தால் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாத்திரை அட்டையை வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் அதில் இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராம்தான். எவ்வளவு தனிம இரும்பு என்று சிறிய எழுத்தில் இருப்பதே நாம் பார்க்க வேண்டிய எண்.

எடுக்கும் நேரமும் முக்கியம். காலையில் ஓடி முடித்த அரைமணி நேரத்துக்குள், ஹெப்சிடின் உயரத் தொடங்கும் முன் எடுத்துவிடுங்கள். மாலையைவிடக் காலையில், அதுவும் ஓட்டத்தை ஒட்டி எடுத்தபோது உறிஞ்சுதல் கூடுதலாக இருந்ததை ஓட்டக்காரர்களிடம் செய்து 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊரில் இதற்கு ஒரே தடை, ஓடிவிட்டு வந்ததும் கூட்டமாக நின்று குடிக்கும் ஃபில்டர் காபி. காபிக்கும் மாத்திரைக்கும் இடையில் குறைந்தது ஒரு மணி நேரமாவது இருக்கட்டும். டீ, பால், கால்சியம் மாத்திரை ஆகியவற்றுக்கும் இதே விதி. எலுமிச்சைச் சாறோ ஒரு கொய்யாவோ போதும். தனி வைட்டமின் சி மாத்திரை இதற்கும் வேண்டாம். சீனாவில் இரத்தசோகை உள்ள 440 பேரிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், இரும்பை மட்டும் எடுத்தவர்களுக்கும் வைட்டமின் சி சேர்த்து எடுத்தவர்களுக்கும் ஹீமோகுளோபின் ஒரே அளவில்தான் ஏறியது.

உணவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆயினும் ஒரு வார்த்தை. முருங்கைக் கீரையும் கேழ்வரகும் நல்ல உணவுகள், விடாதீர்கள். ஆனால் அவற்றிலுள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படாது என்பதால் ஃபெரிட்டின் 14ஐ அவற்றைக் கொண்டு மட்டும் ஜனவரிக்குள் ஏற்ற முடியாது. பாட்டி வைத்திருந்த இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் குழம்பில் இரும்பு உண்மையிலேயே சேரும். அதைவிட முக்கியமாக, ஓடும் தூரத்துக்கு ஈடாகச் சாப்பிடுகிறீர்களா என்று பாருங்கள். எடை குறைய வேண்டும் என்று சோற்றைக் குறைத்துக்கொண்டு மாரத்தான் பயிற்சி செய்யும் பெண்களிடம் மாதவிடாய் தள்ளிப்போவதையும் இரும்புக் குறைபாட்டையும் ஒருசேரப் பார்க்கிறோம்.

இனி உங்கள் கணவர். அவருக்கு இரும்புக் குறைபாடு இல்லை. எட்டு மாதமாக எடுத்த மாத்திரை அவருடைய களைப்பைத் தீர்க்காததில் வியப்பும் இல்லை. இவரைப் போன்றவர்கள் அரிதல்ல. சூரிச் மாரத்தானில் ஓடிய பொழுதுபோக்கு ஓட்டக்காரர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்டார்கள்: பெண்களில் 28 சதவீதத்தினருக்குக் கையிருப்பு வற்றியிருந்தது, ஆண்களில் அது இரண்டு சதவீதத்துக்கும் குறைவு, ஆனால் 127 ஆண்களில் 19 பேருக்கு ஃபெரிட்டின் 200க்கு மேல் இருந்தது. ஓடுகிறவர் என்றாலே இரும்பு குறையும் என்ற எண்ணம் ஆண்கள் பெரும்பாலோருக்குப் பொருந்தாது. இதன் எல்லையை 1990களின் தொழில்முறை சைக்கிள் பந்தயக்காரர்களிடம் பார்த்தோம். ஊக்கமருந்துடன் சேர்த்து இரும்பு ஊசியும் ஏற்றிக்கொண்ட அந்தக் காலத்தின் பின், அவர்களில் பலருக்கு ஃபெரிட்டின் 500ஐத் தாண்டி இருந்தது. ஊசி குடல் வாசலையும் காவலரையும் சுற்றிக்கொண்டு நேராக உள்ளே போகிறது. போனதை வெளியேற்ற உடம்புக்குத் தனி வழி இல்லை. மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் குடல் நோய் உள்ளவர்களுக்கும் அது அருமையான மருந்து, ஆனால் அவசரத்துக்கு எடுக்கும் குறுக்குவழி அல்ல. போட்டிகளில் பதிவு பெற்ற வீரர்கள், 12 மணி நேரத்துக்குள் 100 மில்லிலிட்டருக்கு மேல் நரம்பு வழியாக எதை ஏற்றினாலும், மருத்துவமனைச் சிகிச்சை போன்ற விலக்குகள் தவிர, அது ஊக்கமருந்துத் தடுப்பு விதிகளை மீறியதாகும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஆனால் அவருடைய 268ஐப் பார்த்ததும் "இரும்பு மிகுந்துவிட்டது" என்று முடிவு கட்டவும் நான் தயாராக இல்லை. ஃபெரிட்டின் அழற்சியிலும் ஏறும். ஒரு நீண்ட ஓட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துக் கொடுத்த இரத்தத்தில் அது உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியும். நாற்பதைக் கடந்த நம் ஆண்களிடம், ஒல்லியாக ஓடுகிறவரிடமும்கூட, கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பது இதற்கு மிகச் சாதாரணமான காரணம், மது இன்னொன்று. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம் கழித்து, டிரான்ஸ்ஃபெரின் செறிவு, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., கல்லீரல் நொதிகள், சர்க்கரை ஆகியவற்றோடு மீண்டும் பார்க்கட்டும். செறிவு 45 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மட்டும் இரும்பு மிகுதியைத் தேடிப் போக வேண்டும். களைப்புக்கு வைட்டமின் பி12, தைராய்டு, தூக்கம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அவரும் சைவ உணவுக்காரர் என்றால் பி12ஐ முதலில் பார்ப்பேன்.

கடைசியாக அந்த வைட்டமின் மாத்திரைகள். ஓட்டத்தில் பிறக்கும் ஃப்ரீ ராடிக்கல்கள் வெறும் கழிவு என்று நாங்கள் நினைத்த காலம் ஒன்று இருந்தது. நானும் என்னிடம் வந்தவர்களுக்கு வைட்டமின் சி எழுதிக்கொடுத்திருக்கிறேன். அளவோடு பிறக்கும் ராடிக்கல்களே தசைக்கு "இன்னும் மைட்டோகாண்ட்ரியா வேண்டும், சொந்தத் தடுப்பு நொதிகள் வேண்டும்" என்று சொல்லும் செய்தி என்பது பின்னால்தான் தெளிவானது. 2009இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், நாளொன்றுக்கு 1,000 மில்லிகிராம் வைட்டமின் சியும் 400 அலகு வைட்டமின் ஈயும் எடுத்துக்கொண்டு உடற்பயிற்சி செய்தவர்களுக்கு, உடற்பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் கிடைக்க வேண்டிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்குக் கிடைத்தது. 2014இல் நார்வேயில் பதினொரு வாரம் நடந்த ஆய்வில், இந்த மாத்திரைகள் தசையில் மைட்டோகாண்ட்ரியாப் புரதங்கள் கூடுவதைத் தடுத்தன. ஆக்சிஜன் உட்கொள்ளும் திறனில் அந்தக் காலத்துக்குள் வேறுபாடு தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். பழத்திலும் காயிலும் வரும் அளவைப் பற்றி இந்த ஆய்வுகள் பேசவில்லை. நெல்லிக்காயை நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

எட்டு முதல் பத்து வாரம் கழித்து மீண்டும் பரிசோதனை செய்யுங்கள். முந்தைய நாள் கடினமான ஓட்டம் வேண்டாம், சளி காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள், காலையில் வெறும் வயிற்றில், தண்ணீர் குடித்துவிட்டு, அன்றைய மாத்திரையை எடுக்கும் முன் இரத்தம் கொடுங்கள். ஃபெரிட்டின் 35ஐத் தாண்டி இருந்தால் மாத்திரையை மேலும் குறைப்பதைப் பற்றிப் பேசலாம். ஃபெரிட்டின் ஏறியும் ஹீமோகுளோபின் நகராமல், சிவப்பணுக்கள் சிறியவையாகவே இருந்தால், தலசீமியா தன்மை (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறைபாடு) இருக்கிறதா என்று ஒரு பரிசோதனை தேவை; நம் நாட்டில் அது அரிதல்ல, அவர்களுக்கு இரும்பைக் கொட்டிப் பயனில்லை. அதுவரை இரத்த தான முகாம்களில் நீங்கள் கொடுக்க வேண்டாம். மாத்திரைப் பாட்டிலை, வீட்டில் சிறு குழந்தை இருந்தால், எட்டாத உயரத்தில் வையுங்கள். பெரியவர்களின் இரும்பு மாத்திரை சில எண்ணிக்கையே ஒரு குழந்தைக்கு நஞ்சாகும். அக்டோபர் முடிவில் எண்களோடு மீண்டும் எழுதுங்கள். ஜனவரிக்கு எந்த வேகத்தில் ஓடலாம் என்பதை அப்போது பார்ப்போம்.